கோடு ஏறுதா, இறங்குதா?

மாடி வீட்டுக்காரர் ஸ்வீட் டப்பாவுடன் படியிறங்கி வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பையனுக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். அல்லது, தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு நம் பங்கு ஆயிரம் ரூபாயை இனிக்க இனிக்கக் கேட்க வந்திருக்க வேண்டும். சென்ற மாதம் எங்கள் நந்தனம் ஃப்ளாட்டில் படியிறங்கி வந்தவர் மூன்றாவதாக ஒரு காரணம் சொன்னார்.

"சார், பையன் இம்ப்ரூவ் ஆயிட்டான்! முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியர் வெச்சான். இந்தத் தடவை ஒண்ணுதான். பாதியாக் குறைஞ்சிடுச்சு!"

மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"அந்தப் பழைய ரெண்டு என்னாச்சு?"

"அதான் ஒண்ணாயிடுச்சே சார்!"

அவருக்குப் பின்னால் பையன் நின்றிருந்தான். பி.சி.ஏ. படிக்கிறான். மாடிப்படிச் சுவரில் இருக்கும் மின்சார மீட்டர்களை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவன்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, ஆக மொத்தம் மூன்று என்பது அவன் முதுகிலேயே எழுதியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தின்ற மைசூர்பாகுக்கு ஒரு விசுவாசம் வேண்டாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பையன் தானாகவே வந்தான். கையில் கணக்கு நோட்டு.

"தேங்க்ஸ் அங்கிள். அன்னிக்கு அப்பாகிட்ட நீங்க போட்டுக் குடுக்கல."

"பரவால்லப்பா. இது என்ன?"

"மூணு அரியர்ல ஒண்ணு மேத்ஸ். எக்வேஷன் குடுத்து கிராஃப் போடச் சொன்னா போட்டுடுவேன். கிராஃபைக் குடுத்து, 'இதிலேருந்து என்ன தெரியுது?'ன்னு கேக்கறாங்க. எனக்குக் கோடு தெரியுதுன்னுதான் எழுதத் தோணுது."

கணக்குச் சொல்லித் தர எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருஷம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டியதை விட்டுவிடுங்கள். ஒரு தடவை ஒரு கோட்டைத் தப்பாகப் படித்து, அதன் பலனை என் மாமியார் அனுபவித்திருக்கிறார். அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா? அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நோட்டைப் பிரித்தான். ஒரு படம். கீழே நேரம், பக்கவாட்டில் தொட்டியில் உள்ள தண்ணீரின் உயரம். கோடு முதலில் மெதுவாக எழுந்து, நடுவில் விறுவிறுவென்று ஏறி, மேலே போய்ப் படுத்து, பிறகு இறங்குகிறது. கேள்வி இரண்டு. தண்ணீர் எப்போது மிக அதிகமாக இருக்கிறது? தண்ணீர் எப்போது மிக வேகமாக ஏறுகிறது? பையன் இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதியிருந்தான். இரண்டுக்கும் உச்சியையே காட்டியிருந்தான்.

"பரங்கிமலை படிக்கட்டு ஏறியிருக்கியா தம்பி?"

"ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க."

"மூச்சு வாங்கினது எங்கே?"

"பாதி வழியில."

"உச்சி எங்கே?"

"மேல... அங்க தரை சமமா இருந்துச்சு."

"அவ்வளவுதான் கணக்கு. மூச்சு வாங்குற இடம் வேற, உச்சி வேற. நீ எவ்வளவு உயரத்துல இருக்கேங்கறது ஒரு கேள்வி. எவ்வளவு செங்குத்தா ஏறிட்டிருக்கேங்கறது இன்னொரு கேள்வி. முதலாவது உயரம். ரெண்டாவது சாய்வு. உச்சிக்குப் போனா சாய்வு பூஜ்யம். உயரம் மட்டும் ஃபுல்லு!"

பையன் தலையாட்டினான். புரிந்துகொண்டு ஆட்டும் தலைக்கும் புரியாமல் ஆட்டும் தலைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ மீட்டிங்கில் ஆட்டியவன்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். "பாத்ரூம்ல பக்கெட் நிறையுது. போய்ப் பைப்பைக் கொஞ்சம் குறைங்க!"

பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். குழாயைப் பாதியாகத் திருகினேன்.

"தண்ணி குறைஞ்சுதா?"

"குறைஞ்சிடுச்சு அங்கிள்."

"எது? குழாயில வர்றதா, பக்கெட்டுல இருக்கறதா?"

பக்கெட்டைப் பார்த்தான். தண்ணீர் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது, முன்பைவிட நிதானமாக. விளிம்பைத் தொட்டு வழிந்தும் விட்டது.

"குழாயில வர்றது குறைஞ்சாலும் பக்கெட்டு நிறைஞ்சிட்டேதான் இருக்கும். நிறையற வேகம்தான் குறையும். முதல் செமஸ்டர்ல ரெண்டு, அடுத்ததுல ஒண்ணு..."

"அங்கிள், ப்ளீஸ்!" என்றான். இந்தத் தடவை நிஜமாகவே புரிந்துவிட்டது.

கூடத்துக்கு வந்து அன்றைய பேப்பரை எடுத்தேன். சென்னைவாசிகள் தினமும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிற ஒரு சின்னக் கட்டம் அதில் உண்டு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. காலண்டர் தேதியைக் கீழே எழுதி, நீர்மட்டத்தைப் பக்கவாட்டில் குறித்து, புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கிராஃப் வரும். கணக்குப் புத்தகம் இதைத்தான் சார்பு என்கிறது. நேரத்தைச் சொன்னால் நீர்மட்டத்தைச் சொல்லும்.

"ஒரே நேரத்துல ஏரி 18 அடியாவும் 22 அடியாவும் இருக்க முடியுமா?"

"முடியாது."

"அதனாலதான் எந்த இடத்துல குத்துக்கோடு போட்டாலும் கிராஃபை ஒரு தடவைக்கு மேல வெட்டக் கூடாதுங்கறாங்க. குத்துக்கோட்டுச் சோதனைன்னு மனப்பாடம் பண்ணியே, அது இதுதான். சரி, இப்ப தலைகீழாக் கேக்கறேன். ஏரி எப்போ 22 அடியில இருந்துச்சு?"

யோசித்தான். கோட்டின் மேல் படுக்கையாக ஸ்கேலை வைத்தான். இரண்டு இடத்தில் வெட்டியது. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று.

"ரெண்டு பதில் வருது அங்கிள்."

"ரெண்டும் சரி. ஆனா ஏறும்போது 22 அடின்னா ஆத்தங்கரையில இருக்கறவன் பெட்டியக் கட்டணும். இறங்கும்போது 22 அடின்னா பெட்டியப் பிரிக்கலாம். பேப்பர்ல போடற ஒரு நாள் நம்பர் எந்தப் பக்கம்னு சொல்லாது. முந்தின நாள் நம்பரும் வேணும்."

வீச்சகம் என்றால் என்ன என்பதையும் அந்த ஏரியே சொல்லிவிடும். ஏரி தொடக்கூடிய உயரங்களின் பட்டியல். மேலே 24. கீழே? 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் கிட்டத்தட்ட வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அன்றைக்கு நந்தனத்தில் தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்துடன் ஓடிய அனைவருக்கும் வீச்சகத்தின் கீழ் எல்லை நன்றாகத் தெரியும்.

மேல் எல்லையைப் பார்த்தது 2015-ல். என் கதையும் அதுதான்.

அந்த வருஷம் நவம்பரிலேயே சென்னை நனைந்து ஊறிப் போயிருந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,049 மில்லிமீட்டர் மழை. 1918-க்குப் பிறகு நவம்பரில் அவ்வளவு பெய்ததில்லை. ஏரி, குளம், தரை எதற்கும் இனி ஒரு டம்ளர் குடிக்க வயிற்றில் இடமில்லை. அப்போது வந்தது டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. பகல் முழுக்க வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மறுநாள் காலைக்குள் செம்பரம்பாக்கம், தாம்பரம் பக்கமெல்லாம் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல்.

என் மைத்துனன் அப்போது சைதாப்பேட்டையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் குடியிருந்தான். அவனோடு அவன் மனைவி, மூன்று வயதுப் பெண், இடுப்பு ஆபரேஷன் ஆகிக் கட்டிலோடு இருந்த என் மாமியார். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தான்.

"மாமா, அம்மாவத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துடட்டுமா? ஆத்துல தண்ணி ஏறுதுன்னு பேசிக்கறாங்க."

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நந்தனத்தில் மழை தணிந்திருந்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் சிறு தூறல். ஜன்னலை மூடிவிட்டு, ஒரு நிபுணரின் குரலில் சொன்னேன்.

"இங்க மழை விட்டுடுச்சு மச்சான். இதுக்கு மேல என்ன ஏறும்? இந்த இருட்டுல உடம்பு முடியாதவங்களை அலைக்கழிக்காத. நிம்மதியாத் தூங்கு."

அவன் என்னை நம்பினான். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மாப்பிள்ளை, கணக்குப் பார்த்துத்தான் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை.

நடுராத்திரி தாண்டி இரண்டு மணிக்குக் கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்தது. அரை மணியில் கட்டில் மட்டம். மாடி வீட்டுக்காரர்களும் அவனுமாக என் மாமியாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பக்கமும் பிடித்துத் தூக்கி மொட்டைமாடிக்குக் கொண்டு போனார்கள். குழந்தையை ஒருவர் தோளில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. செல்போன்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. கரண்ட் இல்லை. காலையில் பேப்பரும் இல்லை. 1878-ல் ஆரம்பித்த 'தி ஹிந்து' ஆங்கில நாளிதழே அன்று சென்னையில் வெளிவரவில்லை.

விடிந்ததும் நானும் என் மனைவியும் அண்ணா சாலையில் சைதாப்பேட்டை நோக்கி நடந்தோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். சாதாரண நாளில் எட்டிப் பார்த்தால் எங்கோ பள்ளத்தில் கிடக்கும் அடையாறு, பாலத்தை உரசிக்கொண்டு பழுப்பு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் தெரு பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் தெரு என்று ஒன்று அங்கே இல்லை. படகோடு வந்திருந்த மீனவ இளைஞர்கள் மத்தியானத்துக்கு மேல் அவர்களை ஒவ்வொருவராக இறக்கிக் கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மைத்துனனின் பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரையிலான சர்டிஃபிகேட்டுகள், கல்யாண ஆல்பம், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் போயின.

இவ்வளவு சொல்லி முடித்ததும் பையன் கேட்டான். "மழைதான் விட்டுடுச்சே அங்கிள். அப்புறம் எப்படி?"

இதைத்தான் நானும் பல ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் ஒரு கோட்டில் இல்லை. நாலு கோட்டில் இருந்தது.

நோட்டில் நாலு படம் வரைந்தேன். நாலுக்கும் கீழே ஒரே நேரம். முதல் கோடு, பெய்கிற மழை. இரண்டாவது, ஏரிக்கு வந்து சேரும் தண்ணீர். மேலேயுள்ள சின்ன ஏரிகளும் வயல்களும் கால்வாய்களும் நிறைந்து வழிந்து அப்புறம்தானே வரும்? ஆகவே, மழையின் உச்சிக்குப் பிறகுதான் இதன் உச்சி. மூன்றாவது, ஏரியின் மட்டம். இது எப்போது உச்சிக்குப் போகும்? வரத்து உச்சியில் இருக்கும்போது அல்ல. வரத்து குறைய ஆரம்பித்தாலும், வெளியே போவதைவிட உள்ளே வருவது ஒரு சொட்டு அதிகமாக இருக்கிறவரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரத்தும் போக்கும் சமமாகிற அந்த நிமிஷம்தான் உச்சி. பக்கெட்டில் பார்த்தோமே, அதே கணக்கு. நாலாவது கோடு, சைதாப்பேட்டையில் ஆற்றின் மட்டம். ஏரியில் திறந்த தண்ணீர் பல மைல் ஓடி வர வேண்டும். வழியில் மணிமங்கலம், முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அடையாற்றில் கலந்து கூடவே வரும். ஆகவே, இதன் உச்சி இன்னும் வலது பக்கம்.

நாலு கோட்டுக்கும் நாலு உச்சி. படிக்கட்டு மாதிரி வலது பக்கமாகத் தள்ளித் தள்ளி நிற்கின்றன.

"நான் ஜன்னலைத் திறந்து முதல் கோட்டைப் பாத்தேன். அதுவும் எங்க தெரு மழையை மட்டும். மச்சான் வீட்டுக்குள்ள வந்தது நாலாவது கோடு."

பையன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அங்கிள், எஃப் ஆஃப் டி மைனஸ் சிக்ஸ்னு ஒண்ணு வரும். மைனஸ் போட்டா கிராஃப் இடது பக்கம்தானே போகணும்? புக்குல வலது பக்கம் போகுதுன்னு போட்டிருக்கு. ஏன்னே புரியல" என்றான்.

கணக்கு வாத்தியார்களை ஆண்டாண்டு காலமாகத் திணற அடிக்கும் கேள்வி. எனக்கு அதற்கு அடையாறு பதில் வைத்திருந்தது.

"ஏரித் தண்ணி சைதாப்பேட்டை வர ஆறு மணி நேரம்னு கணக்குக்கு வெச்சுக்கோ. ராத்திரி 2 மணிக்கு அங்க என்ன தண்ணி ஓடும்?"

"ஆறு மணி நேரம் முன்னாடி... 8 மணிக்குத் திறந்தது."

"அதான் மைனஸ் ஆறு. இப்ப என்ன வருதுன்னு தெரியணும்னா ஆறு மணி நேரம் பின்னாடி போய்ப் பாக்கணும். ஏரியோட கிராஃபையே எடுத்து ஆறு மணி நேரம் தாமதமா ஒட்டினா ஆத்தோட கிராஃப். தாமதம்னா வலது பக்கம்தானே?"

"ஓ!" என்றான். பிறகு விரல் விட்டு எண்ணினான். அவன் முகம் மாறியது. "அப்போ நீங்க ஒன்பது மணிக்கு போன்ல பேசறப்போ..."

"ஆமாம். அந்தக் கணக்குப்படி அந்தத் தண்ணி கிளம்பி ஒரு மணி நேரம் ஆயிருக்கும். நான் தூங்குன்னு சொல்லிட்டிருந்தேன்."

அன்று செம்பரம்பாக்கத்தில் படிப்படியாகக் கூட்டி 29,000 கன அடி வரை திறந்தார்கள். கன அடி என்று செய்தியில் கேட்டால் நமக்கு ஏதோ பெரிய நம்பர் என்பதோடு சரி. அது ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு அல்ல, ஒரு விநாடிக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கு. அதாவது உயரம் அல்ல, வேகம். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். 29,000 கன அடி என்றால் விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரியாகக் கணக்கிட்டால், 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் 68 லாரி. 'இரண்டு' என்பதற்குள் இன்னொரு 68. இந்த வேகத்தில், உள்ளே ஒரு சொட்டு வராமல் இருந்தால்கூட, நிரம்பிய ஏரி காலியாக 35 மணி நேரம் ஆகும். மறுநாள் டி.வி.யில், "திறப்பு குறைக்கப்பட்டது" என்றால் ஆற்றங்கரைக்காரன் உடனே நிம்மதியாகிவிட முடியாது என்பதன் அர்த்தம் இதுதான்.

படித்த நான் படத்தில் பார்க்காததைப் படிக்காத ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு காபியைக் கையில் வாங்கிய என் மாமியார், என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மழை விட்டும் தூவானம் விடலன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க மாப்பிள்ளை?" என்றார். அவ்வளவுதான். ஆயிரம் தடவை கேட்ட பழமொழி. ஒரு கோடு முடிந்தாலும் அதன் பின்னால் வரும் இன்னொரு கோடு முடியவில்லை என்பதை அதைவிடச் சுருக்கமாக எந்தக் கணக்குப் புத்தகமும் சொன்னதில்லை.

என் மனைவி அப்போதும் ஒன்றும் பேசவில்லை. அது வேறு ஒரு கோடு. அதன் உச்சி அடுத்த வாரம் வந்தது.

இது ஆற்றங்கரைக்காரர்களுக்கு மட்டுமான பாடம் என்று நந்தனம் மெட்ரோவில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் தம்பிமார்கள் நினைத்துவிட வேண்டாம். பணவீக்கம் 7 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது என்று செய்தி வந்தால், "அப்போ துவரம்பருப்பு விலை ஏன் குறையல?" என்று வீட்டில் கேட்பார்கள். முதல் வருஷம் 100 ரூபாய் மளிகை 107 ஆனது. இரண்டாம் வருஷம் அந்த 107-க்கு மேல் 5 சதவிகிதம் ஏறி 112 ரூபாய் 35 காசு. குறைந்தது குழாய். பக்கெட் நிறைந்துகொண்டேதான் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் ஸ்வீட் டப்பா வாங்கியதும் இதே மயக்கத்தில்தான்.

ஆபீஸ் மீட்டிங்கில் இன்னொரு மயக்கம் உண்டு. விற்பனை 96-லிருந்து 98 ஆகியிருக்கும். ஆனால், திரையில் அது எவரெஸ்ட் மாதிரி நிற்கும். ஏன் என்று பார்த்தால் பக்கவாட்டு அச்சு பூஜ்யத்தில் ஆரம்பித்திருக்காது, 95-ல் ஆரம்பித்திருக்கும். 96-ன் தூண் ஒரு அங்குலம், 98-ன் தூண் மூன்று அங்குலம். விற்பனை மூன்று மடங்கு ஆகிவிட்டதாகக் கண் நம்பிவிடும். தூண் வரைகிறவன் அச்சைப் பாதியில் வெட்டினால் பார்க்கிறவன் ஏமாறத்தான் செய்வான். நானே அப்படிப் படம் காட்டி ஒரு தடவை இன்கிரிமென்ட் வாங்கியிருக்கிறேன். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.)

வியாபாரக் கணக்கைக் கோடாகப் போட்டுக் காட்டும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1786-ல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து புத்தகமே போட்டார். பத்தி பத்தியாக எண்களைப் பார்த்து மலைத்தவர்களுக்கு ஒரே பார்வையில் விஷயம் விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த ஒரு பார்வையோடு நாம் நிறுத்திக்கொள்கிறோமே, அங்கேதான் வம்பு.

பையனுக்குக் கடைசியாக மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். பரீட்சையில் எந்த கிராஃபைக் கொடுத்தாலும் பேனாவை எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை. ஒன்று, அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? இரண்டு, என்னைக் கேட்பது உயரத்தையா, சாய்வையா? மூன்று, நான் பார்ப்பது எந்தக் கோடு, நான் கவலைப்பட வேண்டியது எந்தக் கோடு?

மூன்றாவது கேள்வி பரீட்சைக்கு வராது. மற்றதற்கெல்லாம் வரும்.

2020 நவம்பர் 25, நிவர் புயல் அன்று, செம்பரம்பாக்கம் 22 அடியைத் தொட்டதும் பகல் 12 மணிக்கு மதகைத் திறந்தார்கள். முதலில் 1,000 கன அடி. பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். இந்தத் தடவை போன் செய்தது நான். மைத்துனன் அதே சைதாப்பேட்டையில்தான் இருந்தான், ஆனால் இரண்டாவது மாடியில். "வண்டியை மேட்டுல நிறுத்து. சர்டிஃபிகேட்டை எல்லாம் பரண்ல வை. மழை விட்டாலும் ராத்திரி முழுக்க ஒரு ஆள் முழிச்சிருங்க" என்றேன். "சரி மாமா" என்றவன், ஒரு நிமிஷம் விட்டு, "எந்தக் கோட்டைப் பாத்துச் சொல்றீங்க?" என்றான். கிண்டல்தான். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அவன் தெருவில் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ராத்திரிக்கு யாரும் ஸ்வீட் டப்பா கொடுப்பதில்லை.

போன வாரம் மாடி வீட்டுக்காரர் மறுபடி படியிறங்கி வந்தார். கையில் டப்பா இல்லை. ஒரு கிராஃப் தாள் இருந்தது. பையனே வரைந்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறான். அதில் இரண்டு கோடு. 'ஒவ்வொரு செமஸ்டரிலும் புது அரியர்' என்ற கோடு 2-லிருந்து 1-க்கு இறங்குகிறது. 'மொத்த அரியர்' என்ற கோடு 2-லிருந்து 3-க்கு ஏறுகிறது. அச்சுகளுக்குப் பெயரெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தான்.

"சார், மைசூர்பாகு சாப்பிடறப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

2015-ல் தெரியாமல் வாயைத் திறந்தேன். இப்போது தெரிந்தும் மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாவதற்கு மழையின் மேல்கூடப் பழி போட முடியாது.

"தெரியும் சார். சொல்லியிருக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல. அவனே வந்து சொல்லிட்டான். அடுத்த செமஸ்டர்ல குறைஞ்சிருக்குன்னு சொன்னான்னா, எந்தக் கோடுன்னு கேட்டுட்டுத்தான் ஸ்வீட் கடைக்கே போவேன்."

இரண்டு படி ஏறினவர் திரும்பி நின்றார்.

"அப்புறம்... மோட்டார் ரிப்பேர். உங்க பங்கு ஆயிரம் ரூபா, போன மாசத்துலேருந்து பாக்கி."